எதிரணிக்காரன்

“வயித்துல மலப்பையைக் கட்டிக்கிட்டு எவன் குதிரை ஏறுவான்? செத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்,” என்றான் ஷார்ஷென்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “மதியத்துக்கு மேல போனா குடல் வெடிச்சிடும். இதே ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட ஒருத்தர் வர்றார். அவர்கிட்டயாவது பேசுங்க.”

கதவைத் திறந்து வந்தவன் எசென்பெக். செத்த ஆட்டின் உடலுக்காக இரண்டு அணிகள் குதிரைமேல் மோதும் போன இலையுதிர்காலப் போட்டியில், ஓடும் குதிரையிலிருந்தபடியே ஷார்ஷெனின் கையிலிருந்த ஆட்டுடலைப் பறித்துக்கொண்டு போனவன்.

“என் கோலத்தைப் பார்த்துச் சிரிக்க வந்தியா? வெளியே போடா! இங்க ஒருத்தர் வரப்போறார்.”

எசென்பெக் சட்டையைத் தூக்கினான். தொப்புளுக்குப் பக்கத்தில் பை இருந்தது.

“அந்த ஒருத்தர் நான்தான். மூணு வருஷமாச்சு.”

“அப்போ... போட்டியன்னிக்கு?”

“இருந்துச்சு. மேல தோல் பெல்ட் கட்டியிருந்தேன்.”

“இதோடயா என்னைத் தோக்கடிச்சே?” ஷார்ஷென் டாக்டரிடம் கையை நீட்டினான். “பேனாவைக் குடுங்க. இவனைச் சும்மா விடப்போறதில்ல.”