மஞ்சள் ஹெல்மெட்

அந்த மஞ்சள் ஹெல்மெட் இன்னும் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது. அர்மான் கியரை மாற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிளை மேட்டில் மிதித்தார். உச்சிக்கு வந்து திரும்பிப் பார்த்தால், கூப்பிடு தூரத்தில் அதே பெண், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி. அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

முன்னால் ஈ, காக்காய் இல்லை. கறுத்துப் பழுத்த திராட்சையும் கல் பாதையும் மட்டும்தான். இவளை மட்டும் முந்தவிடாமல் பார்த்துக்கொண்டால் இந்த வருஷ மலைச் சைக்கிள் போட்டியில் தனக்குத்தான் முதலிடம் என்று அர்மானுக்கு உறுதியாகிவிட்டது.

முதலிடத்தைவிட அவருக்குப் பந்தயம்தான் பெரிது. "மாப்ளே, எனக்குப் பின்னால வந்து சேர்ந்தா, இந்த அறுவடைக்கும் ஒயின் தொட்டி கழுவுறது நீதான்" என்று நேற்று இரவுச் சாப்பாட்டில் மனைவியின் அண்ணன் ஜெர்வே எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தான். போன வருஷம் தொட்டியின் சின்னக் கதவு வழியாக உள்ளே போன அர்மான், வெளியே வரும்போது தொப்பை மாட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிட்டார். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்த கதையை ஊரில் இன்றைக்கும் நடித்தே காட்டுகிறார்கள்.

காலையில் கிளம்பியதும் முதல் மேட்டிலேயே ஆளாளுக்கு அவரைத் தாண்டிப் போனது உண்மைதான். அதற்காகத்தான் குறுக்கு வழி. யாரும் பார்க்காத நேரத்தில் பாதையை விட்டு இறங்கி, இரண்டு திராட்சைக் கொடி வரிசைகளுக்கு நடுவே சைக்கிளை விட்டார்.

கொடி வரிசைக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் கம்பி. கோடிவரை போய்த்தான் ஆக வேண்டும். கோடியில் ஒரு கல் சுவர் நின்றது. சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, தானும் ஏறி, முட்புதரில் விழுந்து எழுந்து, ஒரு வழியாகப் போட்டிப் பாதையைக் கண்டுபிடித்தபோது அவருக்குக் கடிகாரம் பார்க்கத் தோன்றவில்லை. பாதையில் யாருமே இல்லை. 'எல்லாரும் இன்னும் மேலேயே சுத்திக்கிட்டிருக்காங்க' என்று சிரித்துக்கொண்டார்.

அப்போதுதான் மஞ்சள் ஹெல்மெட் வந்து ஒட்டிக்கொண்டது.

முன்பின் பார்த்திராத பெண். அவள் செய்கைதான் அர்மானுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கி, வழிகாட்டுவதற்காகக் கம்பத்தில் கட்டியிருந்த ஆரஞ்சு நாடாவை அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டாள். அதற்குள் அர்மான் உயிரைக் கொடுத்து மிதித்து ஓடுவார். அவளோ பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கி, சாவகாசமாக மறுபடி வந்துவிடுவாள்.

என்ன திமிர்! போட்டிக்கு நடுவில் ஞாபகப் பொருள் சேர்க்கிறாளே!

"முந்தணும்னா முந்திப் போங்களேன் மேடம்! ஏன் என் முதுகுலயே ஒட்டிக்கிட்டு வர்றீங்க?" என்று ஆழம் பார்த்தார்.

"ஐயோ, நான் மாட்டேன். நீங்க நிதானமா போங்க சார். எவ்வளவு நேரமானாலும் நான் உங்க பின்னாலதான்."

நிதானமாகவாம்! அசந்த நேரம் பார்த்துக் கடைசி இறக்கத்தில் கழுத்தறுக்கத் திட்டம். அர்மானா ஏமாறுகிற ஆள்? இன்னும் வேகமாக மிதித்தார். படக்கென்று செயின் கழன்றது.

போச்சு, எல்லாம் போச்சு. தொட்டியின் சின்னக் கதவு கண்முன்னே வந்து நின்றது.

ஆனால் அவள் தாண்டிப் போகவில்லை. இறங்கி வந்து, விரலில் கிரீஸ் பட்டதைக்கூடப் பொருட்படுத்தாமல் செயினை மாட்டிவிட்டாள். "கிளம்பலாமா சார்?" என்று கேட்டு, அவர் ஏறி மிதிக்கும்வரை காத்தும் நின்றாள். அர்மானுக்கு மனசு இளகிவிட்டது. ஜெயித்தாலும் நேர்மையாக ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிற ஜாதிபோல. அப்படிப்பட்டவளைத் தோற்கடிப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது.

கடைசி இறக்கத்தில் அவர் பிரேக்கையே தொடவில்லை. தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு சதுக்கத்துக்குள் பாய்ந்ததும் பேண்டு வாத்தியம் முழங்கியது. மர நிழலில் போட்டிருந்த நீள மேஜையிலிருந்து ஊரே எழுந்து நின்று கைதட்டியது. மேயர் இரண்டு கையையும் தூக்கிக் கூவினார்.

ஒரு தட்டில்கூடச் சாப்பாடு இல்லை. ஜெயித்தவர் வரும்வரை யாரும் ரொட்டியைக்கூடப் பிய்க்கவில்லையே! அர்மானுக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டத்தில் ஜெர்வேயும் இருந்தான். சலவைச் சட்டை, கழுத்தில் செருகிய துண்டு, உடம்பில் பொட்டுப் புழுதி இல்லை.

"வா மாப்ளே, வா! உனக்காகத்தான் எல்லாரும் பசியோட உட்கார்ந்திருக்கோம்!"

"நீ பாதியிலேயே வீட்டுக்கு ஓடிட்டியா மச்சான்? சலவைச் சட்டையெல்லாம் பிரமாதமா இருக்கு. தொட்டிக்குள்ள இந்தத் தடவை யார் தொப்பை மாட்டுதுன்னு பார்ப்போம்!"

ஜெர்வே பதில் சொல்ல வாயெடுத்தான். சிரிப்பு வந்து பேச முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

அவனோடு என்ன பேச்சு என்று அர்மான் திரும்பினார். மஞ்சள் ஹெல்மெட்காரி அப்போதுதான் வந்து இறங்கிக்கொண்டிருந்தாள். பெருந்தன்மையோடு கையை நீட்டினார்.

"மனசு விட்டுடாதீங்க மேடம். அருமையா ஓட்டினீங்க. கடைசி இறக்கத்துல கொஞ்சம் அழுத்தியிருந்தா என்னை முந்தியிருப்பீங்க."

அவள் பையைக் கவிழ்த்து, ஆரஞ்சு நாடாக்களை மேயர் முன்னால் குவியலாகக் கொட்டினாள்.

"நான் எப்படி சார் முந்துறது? கடைசி ஆளுக்குப் பின்னால வர்றதுதானே என் வேலை!"