எடுக்காத படங்கள்

தையல்காரி தன் நான்கு வயது மகளுக்குப் பாவாடை அளவெடுத்தபோது இடுப்பு ஒரே மாதத்தில் இரண்டு அங்குலம் கூடியிருந்தது. இடது விலாவுக்குக் கீழே கல் மாதிரி ஏதோ கையில் தட்டுப்பட்டது. அன்றே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள்.

அங்கிருந்த டாக்டர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வாயுதாம்மா. நீங்களா எதையாச்சும் நெனச்சுப் பயப்படாதீங்க."

மூன்று வாரம் கழித்துச் சிறுநீரில் ரத்தம் வந்தது. மறுபடியும் அதே டாக்டரிடம் ஓடினாள். "நீர்க்கடுப்பா இருக்கும். தண்ணி நிறையக் குடுங்க."

மூன்றாம் முறை அவள் வரவேற்பறையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். சத்தம் கேட்டு வந்த வேறொரு பெண் டாக்டர், குழந்தையின் வயிற்றில் கை வைத்ததுமே ஸ்கேனுக்கு அனுப்பினார். இடது சிறுநீரகத்தில் ஒன்பது சென்டிமீட்டருக்குக் கட்டி இருந்தது. "புற்றுக்கட்டி மாதிரிதான் தெரியுது. பெரும்பாலும் குணமாக்கிடலாம். ஆனா இனி ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது," என்றார்.

ஸ்கேன் எடுத்தவர் கணினியைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "இவளுக்கு ஏற்கனவே ரெண்டு தடவை எடுத்திருக்கே."

அவளை வாயு என்றும் நீர்க்கடுப்பு என்றும் திருப்பி அனுப்பிய அதே இரண்டு தேதிகள். முதல் படத்தில் கட்டி நான்கு சென்டிமீட்டர், இரண்டாவதில் ஆறு. அந்த நாட்களில் குழந்தை இந்த அறைக்குள் காலே வைக்கவில்லை.

படங்களைக் கேட்டு வாங்கிப் போய் முதல் டாக்டரின் மேசையில் அறைந்து வைத்தாள். தேதிகளைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"எப்படிம்மா? அன்னிக்கு நாங்க ஸ்கேன் எடுக்கவே இல்லையே!"

"அதைத்தான் நானும் கேக்குறேன். ஏன்யா எடுக்கல?"