ஆறாவது வயர்

"நாலு கம்ப்யூட்டர், ஒரு நெட் லைன். அஞ்சு ஓட்டை இருந்தா போதும். எட்டு ஓட்டை சுவிட்சை எதுக்குப்பா என் தலையில கட்டப் பார்க்கறே?" ஆடிட்டர் முறைத்தார்.

"பழைய சுவிட்சுல ஆறு வயர் இருக்கே சார்," என்றார், கம்ப்யூட்டர்களுக்கு நெட்டைப் பிரித்துத் தரும் அந்தச் சுவிட்சை மாற்ற வந்தவர்.

ஆடிட்டர் குனிந்து எண்ணினார். ஆறுதான். ஆறாவது வயர் அலமாரிக்குப் பின்னால் ஓடி, சுவரைத் துளைத்துப் பக்கத்து டிராவல்ஸ் ஆபீசுக்குள் போயிருந்தது.

"அதானே பார்த்தேன்! அந்த டிராவல்ஸ்காரன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் காட்டறானேன்னு! நம்ம நெட்டைத் திருடறான்யா!"

டைப்பிஸ்ட் பதறி எழுந்தாள். "சார், அதை..."

"நீ சும்மா இரும்மா. உனக்கு எல்லாருமே நல்லவங்க."

கத்தரியை எடுத்து வயரை வெட்டினார். "இப்ப அலறிக்கிட்டு வருவான் பாருங்க, நெட் போச்சுன்னு!"

யாரும் வரவில்லை. அவருடைய நாலு கம்ப்யூட்டரிலும்தான் நெட் நின்றது.

"நம்ம லைன் செத்து மூணு மாசம் ஆச்சு சார்," டைப்பிஸ்ட் தயங்கிச் சொன்னாள். "ரிப்பேருக்கு வந்தவரை, உளவு பார்க்க வந்தவன்னு விரட்டிட்டீங்க. நான் கேட்டதுக்கு டிராவல்ஸ்காரர்தான் அவரோட நெட்லேர்ந்து இந்த வயரைக் கொடுத்தாரு. உங்களைப் பார்த்துச் சிரிக்கறதுகூட, ஒரு நாளாவது நன்றி சொல்வீங்கன்னுதான் சார்."