நாலாவது ஸ்குரூ

"இவனைத் தவிர வேற ஆர் சேர் இதிலை கை வைக்கிறது?"

யோகநாதன் விரலை உடையப்பனின் மார்புக்கு நேராக நீட்டினான்.

மேனேஜர் முகம்மது யூசுப் மேசையில் கிடந்த பிஸ்டலையே பார்த்துக்கொண்டிருந்தார். துபாய்க்கு வெளியே இருந்த அந்தத் துப்பாக்கி கிளப்பின் முதலாளி, அதாவது இவர்கள் மூவருக்கும் விசா கொடுத்த கஃபீல், நாளைப் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டிய பிஸ்டல் அது. மேலே 'ரெட் டாட்' என்கிற சின்னக் குழாய். அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி நிற்கிற இடத்தில் குண்டு போய் விழவேண்டும்.

காலைப் பயிற்சியில் இருபது குண்டுவரை ஒழுங்காகத்தான் விழுந்தது. அப்புறம் புள்ளி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம். கூட வந்த நண்பர்கள் முன்னால் கஃபீலுக்குப் பெரிய அவமானமாகிவிட்டது.

"தப்பு செஞ்சவன் கலாஸ், விசா கேன்சல்னு சொல்லிட்டுப் போயிட்டார். சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும்," என்றார் யூசுப்.

"நான் முந்தாநாள் பின்னேரம் குழாயைப் பூட்டி, ஸ்குரூவை இறுக்கி, கோடும் போட்டு வைச்சனான். இஞ்ச பாருங்கோ!"

கோடு என்பது மீனா பஜாரில் வாங்கிய நகப்பூச்சு. ஸ்குரூவை இறுக்கியதும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவான் யோகநாதன். ஸ்குரூ இம்மி அசைந்தாலும் கோடு பிரிந்துவிடும். குழாயைப் பிடித்திருந்த நாலு ஸ்குரூவில் இப்போது மூன்றில் கோடு பிரிந்து கிடந்தது; நாலாவது இருந்த இடம் வெறும் ஓட்டை.

"நாலாவது ஸ்குரூ எங்க?" என்றார் யூசுப்.

"விழுந்துருச்சு சார். மண்ணுல தேடிப் பாத்தேன், கெடைக்கல," என்றான் உடையப்பன். அவன் வலது கை இறுக மூடியிருந்தது.

சிவகங்கைப் பக்கத்துக்காரன். சிமென்ட் சுமக்க வந்து, இரண்டு வருஷமாக இங்கே துப்பாக்கி துடைக்கிறான். யாழ்ப்பாணத்தில் டெக்னிக்கல் கொலேஜ் படித்த யோகநாதன் அவனை ஒருநாளும் ஸ்குரூ டிரைவரைத் தொட விட்டதில்லை. துடைக்கிற கைக்குத் துணி போதும் என்பான்.

"நீ திருகினியாப்பா?" என்றார் யூசுப்.

உடையப்பன் யோகநாதனைப் பார்த்தான். அப்புறம் தலை குனிந்தான்.

"ஆமா சார். தொடைக்கிறப்ப லூசு மாதிரி தெரிஞ்சுச்சு. திருகிப்புட்டேன்."

"பாத்தீங்களே!" என்றான் யோகநாதன். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. உடையப்பன் தொழிலாளர் தங்கும் கேம்ப்புக்குப் போய்ச் சாமான் கட்டவேண்டும். நாளைக்கு ஃப்ளைட்.

யோகநாதன் தன் மேசையில் உட்கார்ந்து, மறுபடி பூட்டுவதற்காக மிச்சமிருந்த மூன்று ஸ்குரூக்களையும் கழற்றினான்.

முதல் ஸ்குரூவின் மரையில் எண்ணெய் மினுமினுத்தது. இரண்டாவதிலும் எண்ணெய். மூன்றாவதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்; அதிலும் எண்ணெய்தான்.

எண்ணெயைத் துடைத்து, நீலப் பசை தடவி, அப்புறம்தான் இறுக்கவேண்டும். பசை காய்ந்தால் சுடுகிற அதிர்ச்சிக்கு ஸ்குரூ அசையாது. பிறகு யாராவது திருகிக் கழற்றினாலும் நீலத் தூள் மரையில் ஒட்டியிருக்கும். இங்கே பொட்டு நீலம் இல்லை. யாரும் திருகித் தளரவில்லை, சுட்ட அதிர்ச்சியில் தானாகவே கழன்றிருக்கிறது. பசை போடவே மறந்திருக்கிறான்.

முந்தாநாள் பின்னேரம்தான் ஊரிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. ஷெல் விழுந்து வீடு எரிந்துபோனது, மனைவியும் பிள்ளைகளும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்று. தபால் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்துவந்து கையில் கொடுத்தவன் உடையப்பன். அவன் முன்னாலேயே அதை வாய்விட்டுப் படித்து, அழுதபடியேதான் இந்தக் குழாயைப் பூட்டினான் யோகநாதன்.

குற்றம் சொல்லுமுன் ஒரு ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். பயத்தில் விரலைத்தான் நீட்டினான். நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

எழுந்து கேம்ப்புக்கு ஓடினான். வழியில்தான் மேனேஜர் அறை. கதவு திறந்தே இருந்தது. அதைத் தாண்டித்தான் ஓடினான்.

உடையப்பன் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான்.

"உடையப்பா, பிழை என்ரதடா. பசை போடேல்லை."

"தெரியும்." உடையப்பன் சட்டைப்பையில் கைவிட்டு எதையோ எடுத்து நீட்டினான். நாலாவது ஸ்குரூ. எண்ணெய் இன்னும் காயவில்லை. "இத மேனேஜர் பாத்திருந்தா அப்பவே புரிஞ்சுபோயிருக்கும். அதான் கைக்குள்ளயே வச்சிக்கிட்டேன்."

"நான் பழி போட்டனான். நீ ஏனடா ஓமெண்டு சொன்னனீ?"

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டீகளா?"

யோகநாதன் இல்லையென்று தலையசைத்தான்.

"நல்லதாப் போச்சு. சொல்லாதீக." உடையப்பன் முடிச்சை இறுக்கினான். "பொறந்த புள்ளைய நான் இன்னும் பாக்கல. இப்ப பாத்துருவேன்."

"இல்லை, நான் போய்ச் சொல்லுறன்..."

உடையப்பன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். இரண்டு வருஷமாக 'சார்' என்றே கூப்பிட்டவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அண்ணே என்றான்.

"என்னைய கேன்சல் பண்ணா மெட்ராசுல எறக்கி விடுவாக, பஸ் புடிச்சா எங்க வீட்டு வாசல்ல போய் நிப்பேன். ஒங்கள கேன்சல் பண்ணா, எங்கண்ணே எறக்கி விடுவாக?"