பழைய போனில் ஒரு பொத்தான்

ஆம்புலன்ஸ் அழைக்கும் வலைப்பக்கம் பன்னிரண்டு மணிக்கு வெளியாக வேண்டும். இன்னும் பத்தே நிமிடம். அதை உருவாக்கும் இருவரில் ஒருவனான தாடிக்காரனின் உள்ளங்கையில், கண்ணாடி மாற்றக் கொண்டுவந்த அவன் அம்மாவின் பழைய போன். விரிசலில் ஜன்னல் வெயில் உடைகிறது. உடன் வேலை செய்யும் அக்கா, சாஸ் என்ற வடிவமைப்பு மொழியில் எழுதிய பக்கத்தை அதில் திறந்தால், சிவப்புப் பொத்தான் பளிச்சென்று நிற்கிறது. பழைய போன்களுக்கான வரிகளையும் அவளே கைப்பட எழுதியிருக்கிறாள். “இவ்வளவு மெனக்கெடல் எதுக்குக்கா? நாம எழுதி முடிச்சதும் போஸ்ட்சிஎஸ்எஸ்ங்கிற கருவி அதையெல்லாம் தானா சேர்த்துடும்,” என்று அதே பக்கத்துக்குத் தான் எழுதிய வடிவத்தை அந்தப் போனில் திறக்கிறான். சக்கரம் சுற்றிச் சுற்றி நிற்கிறது. பொத்தானைக் காணோம். அவள் குரல் உயரவில்லை. “எந்தெந்த போனுக்குச் சேர்க்கணும்னு பட்டியல் குடுத்திருப்பியே?” “புதுசு மட்டும்தான்க்கா. பழசெல்லாம் இப்ப யாரு...” அவன் பார்வை கையிலிருக்கும் அம்மாவின் போனில் விழுகிறது. பொத்தான் இருக்கவேண்டிய அந்த வெற்று வெள்ளையை அவன் கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருக்கிறது.