பெரிய நீலப் பட்டன்

மாப்பிள்ளை கிடங்கிலிருந்து ஆபீசுக்கு வருவதற்குள், அவனுக்காக வாங்கிய கேக்கில் பாதி காலி. மீதியில் 'பிரியா' என்று கிரீமில் எழுதியிருந்தது. கல்யாணப் பெண்ணின் பெயர் அதுவல்ல. ஆசையாய் வாங்கியவர்களிடம் குற்றம் சொல்வானேன் என்று விட்டுவிட்டான்.

அந்தச் செருப்புக் கம்பெனியில் இடது வலது பார்த்து ஜோடி சேர்ப்பது அவன் வேலை. வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று ஒற்றைக் காலில் நின்றவர் மாமனார். ஆயிற்று, அடுத்த வாரம் கல்யாணம்.

"மேனேஜர் திருந்திட்டாருக்கா!" என்றான், வரவேற்பறை அக்காவிடம். "லீவு கேட்டா ஒரு வாரம் இழுத்தடிப்பாரு. நேத்து புது சாஃப்ட்வேர்ல நீலப் பட்டனை அமுக்கினேன், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள அனுமதி வந்துடுச்சு!"

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "எங்க இருந்தாலும் எங்களை மறந்துடாதப்பா."

"பத்தே நாள்ல வந்துடுவேன்க்கா!"

"வா வா. வாசல்ல என் பேரைச் சொல்லு, உள்ள விடுவாங்க."

மாப்பிள்ளைக்கு எதுவோ இடித்தது. மேனேஜர் கையிலிருந்த தட்டைப் பார்த்தான். அவர் துண்டில் 'விடை' என்று இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்ததும் வியர்த்துவிட்டது.

"சார், நான் கேட்டது விடுப்பு!"

"நீ அமுக்கினது விடுவிப்பு. விடுப்பு பட்டன் மூலையில சாம்பல் கலர்ல பொடியா இருக்கும். எவனும் லீவு கேட்கக் கூடாதுன்னு நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன்." மேனேஜர் குரலில் கொஞ்சம் பெருமை. "வேலையை விட்டுப் போறவன் மனசு மாறிடக் கூடாதுல்ல, அதான் அனுமதியும் தானா வந்துடும்."

"ஐயோ, மாமனார் பொண்ணு தரமாட்டாரு சார்!" அழுதே விட்டான்.

மேனேஜருக்கும் மனசு இளகிவிட்டது. "அட, அழாதப்பா. இப்பவே ரத்து பண்ணிடறேன்."

தன் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்தார். ரத்து எங்கே என்று தேடினார். கண்ணுக்குத் தெரிந்தது அந்த நீலப் பட்டன் ஒன்றுதான். அமுக்கினார்.

'உறுதியாகவா?' என்றது.

"பின்னே?" என்று 'ஆம்' கொடுத்தார்.

'இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றி' என்றது திரை.

அக்கா மெதுவாகப் போனைக் கையில் எடுத்தாள்.

"சார், உங்களுக்கும் வெனிலா கேக்கே சொல்லிடட்டுமா?"