சீன டொக்டர் சொன்னது

டொக்டர் சொன்னது இரண்டே வார்த்தை. நிஷாந்தினி அதைத் தமிழில் சொல்லத் தொடங்கியவள் நிறுத்துவதாக இல்லை.

திகனயில் கலியாண வீடு முடிந்து கெலிஓயாவுக்குத் திரும்பும் வழியில், கண்டி டவுனுக்குள் வேனைத் திருப்பி, இந்தச் சீன வைத்திய ஆஸ்பத்திரிக்கு ஆஸிகாவைக் கூட்டிவந்திருந்தான் அவள் புருஷன் பஹீம். மாமி உம்மு குல்சுமும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

கலியாண வீட்டுக் குசினியில் நின்று நின்று ஆஸிகாவுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. வீட்டுக்குப் போனாலும் படுக்க விடமாட்டார்கள். சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் மாமிக்குத் தேத்தண்ணி, மச்சான்மாருக்குச் சோற்றுப் பார்சல், பிள்ளைகளுக்கு ஸ்கூல் உடுப்பு என்று இரவு வரை ஓட்டம்தான். போன மாதம் குசினியிலேயே மயங்கி விழுந்தாள். மாமி இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பித்தம் என்று முடித்துவிட்டார். பஹீம் ஒரு வார்த்தை பேசவில்லை. உம்மா முன்னால் அந்த மனுசனுக்கு வாய் திறக்காது.

சீன டொக்டர் இரண்டு கை நாடியையும் பிடித்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தார். அதைத்தான் நிஷாந்தினி விளக்கிக்கொண்டிருந்தாள். சீனாவில் படித்துவிட்டு வந்து, இங்கே நோயாளிகளுக்கு மொழிபெயர்க்கிற பெண் அவள்.

"ஒடம்புல பலமே இல்லையாம். மூணு மாசத்துக்கு விடியக்காலையில எழும்பக் கூடாது. பகல்ல தூங்கணும். இந்த மூலிகைய சின்ன நெருப்புல நேரமெடுத்துக் காய்ச்சணும். ஆனா நோயாளி அடுப்படிக்கே போகக் கூடாது. வீட்டுல வேற யாராவதுதான் காய்ச்சிக் குடுக்கணும்."

பஹீம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான்.

"அப்ப ஊட்டு வேலய ஆரு செய்ற? அவர் ரெண்டு சொல்லுத்தானே சொன்னார்? நீங்க என்ன கத கதயா சொல்றீங்க?"

ஆஸிகாவுக்கு நெஞ்சு எரிந்தது. மயங்கி விழுந்த அன்றைக்குத் திறக்காத வாய், ஊரான் பிள்ளையிடம் எப்படித் திறக்கிறது பாருங்கள். போதாததற்கு, பொம்பிளைகளுக்கு வேலை செய்யக் கள்ளம் என்று வேறு சொன்னான்.

மாமி நிமிர்ந்தார்.

"நீ வாய மூடு. டொக்டர விட ஒனக்குத் தெரியுமா? நாளைக்கு இவ விழுந்து கெடந்தா ஊர் என்னயத்தான் பேசும். மருந்த நான் காய்ச்சிக் குடுக்கிறன். நட."

முணுமுணுத்துக்கொண்டே போன மகனை மருந்துக் கவுண்டர் வரைக்கும் ஏசிக்கொண்டு போனார் மாமி.

ஆஸிகா எழும்பத் தெம்பில்லாமல் இருந்தாள். வெட்கம் வேறு பிடுங்கித் தின்றது.

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி, அவருக்கு வாய்தான் பொல்லாது" என்றவள், தயங்கித் தயங்கிக் கேட்டாள். "டொக்டர் மெய்யாவே இவ்வளவும் சொன்னாரா?"

நிஷாந்தினி வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தூக்கம் பத்தலன்னு மட்டுந்தான் அக்கா சொன்னாரு. மிச்சமெல்லாம் ஒங்க வீட்டுக்காரரு காலையில போன்ல சொல்லித் தந்தது. 'நான் சண்டைக்கு வருவேன், நீங்க விட்டுக்குடுக்காதீங்க. நான் எதிர்த்துப் பேசினாத்தான் உம்மா அவ பக்கம் நிப்பா'ன்னாரு."